பனிச்சறுக்கு: வாய்ப்பேச்சு வேகமும் மெய்யான வேகமும்



பனிமலைக்கு உல்லாசப் பயணம் சென்று திரும்புவோர் சிலர், "மணிக்கு நூறு கிலோமீட்டரில் சறுக்கினேன்" என்று மார்தட்டுகின்றனர். பிள்ளைகளும் வாய்பிளந்து கேட்கின்றனர். இப்பெருமையை நான் ஏற்பதற்கில்லை.

அமெரிக்காவில் ஷீலி, எட்லிங்கர், ஜான்சன் ஆகிய ஆய்வாளர்கள் பொழுதுபோக்காகச் சறுக்குவோரின் வேகத்தை ரேடார் கருவியால் அளந்து, 2005ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். இரு பலகைகளில் சறுக்குவோரின் சராசரி வேகம் மணிக்கு 44.5 கிலோமீட்டர், ஒற்றைப் பலகையில் சறுக்குவோருக்கு 38.9. நூறு எங்கே, நாற்பது எங்கே?

"அவ்வளவுதானா? தலைக்கவசம் இருக்க அச்சம் எதற்கு?" என்பாரும் உளர். இது முன்னதைவிடக் கேடான பேச்சு! 44.5 கிலோமீட்டர் வேகத்தில் மரத்தில் மோதுவது, ஏறக்குறைய 8 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும். ஐரோப்பியத் தரமுறையோ தலைக்கவசத்தை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்தே சோதிக்கின்றது. காரணம் எளிது: வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மேற்கண்ட ஆய்வில் தலைக்கவசம் அணிந்தோரே அணியாதோரைவிட விரைந்து சென்றனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தலைக்கவசம் வேண்டாம் என்று நான் கூறவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால், அது வேகத்திற்கு வழங்கப்பட்ட உரிமம் அன்று. ஆசிரியர்களே, இக்கணக்கை அறிவியல் பாடத்தில் கற்பியுங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் தலையில் கவசத்தை மாட்டுமுன், "மெதுவாகப் போ" என்னும் சொல்லை மனத்தில் பதியுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!