சீமானின் காருக்கு 5 சதவீதம். ஊனமுற்றவரின் காருக்கு 18 சதவீதம்!

உழைப்பாளி மக்களின் பத்திரிகையில் கார் வாங்குவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாங்கும் யோசனையும் இல்லை. ஆனால் சென்ற சில மாதங்களாக ஒரு தோழருடன் மூன்று கார்க் கம்பெனிக் கடைகளின் படி ஏறி இறங்கியதில் என் எண்ணம் மாறிவிட்டது.

தோழர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு வலது கால் சூம்பிப் போனவர். இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்குப் போலியோ கண்டது 2011 ஜனவரியில். 2014-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இப்பிரதேசம் போலியோவிலிருந்து விடுபட்டதென்று சான்று கொடுத்தது. நல்ல காரியம்! ஆனால் அதற்கு முன் நோய் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே வேலைக்குப் போய்க்கொண்டும், பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டும்தானே இருக்கிறார்கள்? அவர்களுக்கு எந்தச் சான்றிதழும் காலைத் திருப்பித் தரவில்லை.

"பஸ்ஸில் போகலாமே" என்பார்கள். சென்னையில் 2024-ல் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. அதுவும் சும்மா வரவில்லை. மாற்றுத் திறனாளிகள் பல ஆண்டுகள் வீதியிலும் ஹைகோர்ட்டிலும் போராடியதால் வந்தது. எங்கள் தாலுகாவில் ஓடும் டவுன் பஸ்ஸின் படிக்கட்டை வந்து பாருங்கள்! காலில் இரும்புச் சட்டம் மாட்டியவர் எப்படி ஏறுவார்? பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை மாநில சர்க்கார் இலவசமாகத் தருகிறது. அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி மழையில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? ஆகவே அவருக்குக் கார் என்பது ஆடம்பரமல்ல. கால் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிற சாமான் அது.

எந்தக் கார் வாங்குவது? பத்திரிகை விளம்பரம் இதற்கு வழி சொல்லாது. எந்த அவயவத்தில் குறை என்பதுதான் முதல் கேள்வி. இடது கால் மட்டும் முடியாதவருக்கு கிளட்ச் இல்லாத ஆட்டோமாடிக் வண்டியே போதும். வேறு மாற்றம் தேவையில்லை. வலது கால் முடியாதவருக்கு ஆட்டோமாடிக் வண்டியோடு, ஆக்ஸிலரேட்டரை இடது காலுக்கு மாற்றும் சாதனமோ, கையால் இயக்கும் நெம்புகோலோ வேண்டும். இரு கால்களும் முடியாதவர் கை நெம்புகோலைத் தள்ளிப் பிரேக்கும், இழுத்தோ திருகியோ வேகமும் கொடுக்கிறார். ஒரு கை மட்டும் உள்ளவருக்கு ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ் வைத்தால் வண்டியை வளைக்கலாம்.

சாதாரண மனிதன் எட்டிப் பார்க்கக்கூடிய ஆட்டோமாடிக் எது? கிளட்சையும் கியரையும் ஒரு சிறு மோட்டாரே மாற்றும் ஏ.எம்.டி. என்ற ஏற்பாடு 2014-ல் மாருதி செலேரியோவில் வந்தது. அதன் பிறகுதான் கியரை நெருடாத வண்டி நடுத்தரக் குடும்பத்தின் பார்வைக்கே வந்தது. இப்போது ஆல்டோ கே10, வாகன்ஆர், டாட்டா டியாகோ, ரெனால்ட் க்விட் ஆகியவற்றிலும் அது உண்டு. கியர் மாறும்போது கொஞ்சம் குலுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத விஷயம் ஏற்றம். பாலத்தின் மேல் நிறுத்திக் கிளப்பும்போது வண்டி பின்னோக்கி உருண்டால், ஒரே காலால் பிரேக்கையும் வேகத்தையும் பார்க்கிறவர் திண்டாடிவிடுவார். எனவே ஏற்றத்தில் தானே பிடித்து நிற்கும் வசதி இருக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

ஆசனத்தின் உயரமும் அப்படித்தான். ஆல்டோ விலை குறைவு. ஆனால் ஆசனம் தாழ்வு. உட்காரும்போது விழ வேண்டும், எழும்போது யாராவது தூக்க வேண்டும். வாகன்ஆரில் ஆசனம் உயரம், கதவும் அகலமாகத் திறக்கிறது. எங்கள் தோழர் பத்து முறை ஏறி இறங்கிப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். விற்பனைக்காரப் பையனுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், வேற கஸ்டமர் வெயிட்டிங்" என்றான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் கமிஷனில் வயிறு வளர்க்கிறவன். சக்கர நாற்காலி வைத்திருப்பவர் அதைக் கையோடு கொண்டுபோய்ப் பின்பெட்டியில் மடித்து வைத்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் மிச்சமென்று காஸ் வண்டி எடுத்துவிட்டு, பின்பெட்டி முழுவதும் சிலிண்டரே படுத்திருப்பதைப் பிறகு பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வதில் பயனில்லை.

இவ்வளவும் வாங்குகிறவரின் சாமர்த்தியம். இனி சர்க்காரின் சாமர்த்தியத்தைப் பார்ப்போம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிறு பெட்ரோல் காருக்கு வரி 28 சதவீதம், அதன்மேல் செஸ் 1 சதவீதம். கை கால் ஊனம் 40 சதவீதத்திற்கு மேல் உள்ளவர் மத்திய கனரகத் தொழில் மந்திரி இலாகாவின் சான்று வாங்கி வந்தால் 18 சதவீதம், செஸ் இல்லை. 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் எஞ்சினும் இருக்க வேண்டும், ஐந்து வருஷம் விற்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். கண் பார்வை இல்லாதவரின் குடும்பத்துக்கு அந்தச் சலுகையும் இல்லை. இருக்கட்டும். வரிக்கு முன் 5 லட்ச ரூபாய் விலையுள்ள வண்டியில் மற்றவர் 6,45,000 கொடுத்தார்; ஊனமுற்றவர் 5,90,000 கொடுத்தார். வித்தியாசம் 55,000 ரூபாய்.

சாதாரண கியர் வண்டிக்கும் அதே வண்டியின் ஆட்டோமாடிக்குக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? சுமார் 45, 50 ஆயிரம்! மற்றவனுக்கு ஆட்டோமாடிக் சௌகரியம். இவருக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. அடிமட்ட மாடலில் அது கிடைப்பதுமில்லை. மேல் மாடலுக்குப் போக வேண்டும். ஆக, சலுகை என்ற பெயரில் சர்க்கார் கொடுத்தது, ஊனத்தின் காரணமாக இவர் கம்பெனிக்குக் கூடுதலாகக் கட்டிய பணத்தைத்தான்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சிறு கார்களுக்கெல்லாம் வரி 18 சதவீதம் என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய பத்திரிகைகள் தீபாவளிப் பரிசென்று கொண்டாடின. வரி குறைந்ததை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் நாட்டில் சிறு கார் வாங்குகிறவர் எல்லோருக்கும் விலை இறங்கியது. சான்றிதழ் பெற்ற ஊனமுற்றவருக்கு மட்டும் வரியில் ஒரு பைசா குறையவில்லை! அவர் முன்பும் 18, இப்பொழுதும் 18. அந்த 55,000 ரூபாய் அனுகூலம் சத்தமில்லாமல் மறைந்துபோயிற்று.

பணமில்லை என்றா சர்க்கார் சொல்லும்? மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து வரி 5 சதவீதம்தான். காற்று கெடாமல் இருக்கச் சலுகை கொடுக்கட்டும். கிளட்ச் இல்லாத அந்த வண்டி ஊனமுற்றவருக்கும் ஏற்றதே, விலைதான் எட்டவில்லை. ஆனால் அந்தச் சலுகைக்கு விலை வரம்பு கிடையாது. கோடி ரூபாய் மின்சாரக் காரில் பவனி வரும் சீமானுக்கும் 5 சதவீதம், பி.எப். கடன் போட்டு வாகன்ஆர் வாங்கும் குமாஸ்தாவுக்கு 18 சதவீதம். இது என்ன நியாயம்? சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம். காரில் பொருத்தும் கை நெம்புகோல் சாதனத்துக்கு 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய கவுன்சில் 5 சதவீதம் என்று நிர்ணயித்தது. சாதனத்துக்கு 5 என்றால், அது பொருத்தப்படும் காருக்கு மட்டும் ஏன் 18? இதையும் 5 சதவீதத்தில் சேர் என்பதுதான் கோரிக்கை.

லைசென்ஸ் விவகாரம் இதைவிட வேடிக்கை. மாற்றியமைத்த வண்டியை ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ். எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூல்களில் அப்படி ஒரு வண்டியும் இல்லை. எனவே லைசென்ஸ் கிடைக்குமா என்று தெரியாமலே முதலில் ஆறேழு லட்சம் போட்டு வண்டி வாங்க வேண்டும்! கேரளத்தில் இரு கைகளும் இல்லாத ஒரு பெண், அதிகாரிகள் மறுத்தும் விடாமல் கோர்ட்டு வரை போய், காலால் ஓட்டும்படி மாற்றிய காரை ஓட்டிக் காட்டி, 2023 டிசம்பரில் முதலமைச்சர் பினராயி விஜயன் கையால் லைசென்ஸ் வாங்கினார். எல்லோரும் அப்படிப் பல வருஷம் போராட முடியுமா? மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி வண்டியை சர்க்கார் வைத்தால் என்ன குறைந்துவிடும்? சோவியத் நாட்டில் செர்புகோவ் தொழிற்சாலை போரில் கால் இழந்தவர்களுக்கென்றே சிறு மோட்டார் வண்டிகள் செய்தது. சமூக நல இலாகா அவற்றை வழங்கியது. படபடவென்று சத்தம் போடும் சின்ன வண்டிதான், அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொடுப்பது சர்க்காரின் கடமை என்று கருதினார்கள்.

நம் சட்டத்தில் 2019 வரை இத்தகைய வண்டிக்குப் பெயரே 'இன்வாலிட் கேரேஜ்'. அந்த வருஷத் திருத்தத்தில்தான் மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்று ஆயிற்று. பெயர் மாறியது, ஆபீஸ் மாறவில்லை. மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். 2020 அக்டோபர் முதல் உரிமையாளர் மாற்றுத் திறனாளி என்றே பதியலாம். இந்தப் பதிவு இருந்தால்தான் சாலை வரி விலக்கும், தேசிய நெடுஞ்சாலைச் சுங்க விலக்கும், இன்ஷூரன்ஸ் தள்ளுபடியும் கேட்க முடியும். கடைக்காரர் இவற்றைத் தாமாகச் சொல்வதில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை.

தோழர் வாகன்ஆர் ஆட்டோமாடிக்குக்கு முன்பணம் கட்டிவிட்டார். இடது கால் ஆக்ஸிலரேட்டர் பொருத்த வெளியூர் போக வேண்டும். அங்கே வண்டியை யார் ஓட்டிப் போவது என்பதுதான் இப்போதைய பிரச்னை. சங்கத்து டிரைவர் தோழர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.