சொட்டு மருந்து ஏன் பாதியில் நிற்கிறது?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் பாகாயத்தைத் தாண்டியதும் கணியம்பாடி ஒன்றியத்தின் ஊர்கள் வரத் தொடங்கும். அமிர்திப் பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலைக்காடு. இந்த ஊர்களில் யார் வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தை எந்தத் தேதியில் பிறந்தது, யார் எதனால் இறந்தார் என்பதையெல்லாம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய்க் குறித்துவருகிறது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்களின் உடல்நலக் கணக்கு அது. அத்துறையின் 'சாட்' மருத்துவமனை என்றால் இங்கே தெரியாதவர் இல்லை. இப்படி ஒரு பதிவேடு கையில் இருக்கும் இடத்தில், உலகின் பெரிய ஆய்வகங்களாலும் விடை சொல்ல முடியாத ஒரு கேள்விக்கு விடை தேட முடியும். அதைத் தேடுவதற்கு ஒருவர் தன் பணிக்காலம் முழுவதையும் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்க முன்வருபவரை நாம் வாழவைக்க வேண்டும்.

ரோட்டா வைரஸ் கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவது. அதற்கான இந்தியத் தடுப்பு மருந்தான ரோட்டாவேக்கின் மூன்றாம் கட்டச் சோதனை 2011 முதல் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை இந்த மருந்து சுமார் 56 விழுக்காடு குறைத்தது. மருந்து பெறாதவர்களில் 100 பேர் படுக்கையில் விழும் இடத்தில், பெற்றவர்களில் 44 பேர் அப்போதும் விழுந்தார்கள் என்று பொருள். லட்சக்கணக்கான பிள்ளைகள் பிறக்கும் நாட்டில் இதுவும் பெரிய காப்புதான். 2017 முதல் தமிழ்நாட்டின் தடுப்பூசி அட்டவணையில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது சரியான முடிவு. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரோட்டா சொட்டு மருந்துகள் 85 விழுக்காட்டுக்கும் மேல் காக்கின்றன. இந்தியாவைப் போலவே ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளிலும், அதே வெளிநாட்டு மருந்தைக் கொடுத்தாலும், பலன் குறைந்துவிடுகிறது. குறை மருந்தின் தயாரிப்பில் இல்லை. மருந்து போய்ச் சேரும் குடலில் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது குடலில் சற்றுப் பெருகினால்தான் உடல் அதைக் கவனிக்கும். சிறுகுடலின் சுவரில் பேயர் திட்டுகள் எனப்படும் சிறு மேடுகள் உண்டு. அங்கே காத்திருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் வைரஸின் ஒரு துண்டைப் பிடித்து டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லிடம் காட்டும். துண்டு பொருந்திவிட்டது என்பதற்காக மட்டும் டி செல் கிளம்பிவிடாது. 'இது ஆபத்துதான்' என்ற இரண்டாவது சைகையும் கூடவே வர வேண்டும். முதல் சைகை வந்து இரண்டாவது வராமல் போனால், அந்த டி செல் அடங்கிவிடும். மறுமுறை அதே துண்டைக் கண்டாலும் அசையாது. பி செல்லின் நிலையும் இதுதான். அது வைரஸைத் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் விழித்த டி செல் ஒன்று வந்து கைகொடுத்தால்தான் பெருகி, தன்னைச் செதுக்கிக்கொண்டு, வலுவான எதிர்ப்பொருளைச் சுரக்கும், பல ஆண்டுகள் நினைவிலும் வைத்திருக்கும். இத்தனை கட்டுப்பாடு காரணமில்லாமல் வைக்கப்படவில்லை. கண்டதற்கெல்லாம் சீறும் குடலுக்கு உண்ட சோறும் பகையாகிவிடும். அடக்கி வைப்பதற்கென்றே தனி டி செல்கள் இருக்கின்றன. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அவற்றை அடையாளம் காட்டினார். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் அவருக்கும் அமெரிக்கர்கள் இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. பிறந்த முதல் வாரத்திலிருந்தே கிருமிகளைச் சந்திக்கும் ஒரு குடலில் இந்த அடக்கம் மிகுந்துவிடுகிறதா, அல்லது விழிப்பதற்கான சைகையே போதாமல் போகிறதா? சொட்டு மருந்து பாதியில் நிற்பதன் மர்மம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று கருத நல்ல காரணங்கள் உண்டு.

அந்தக் காரணங்களில் பலவற்றை உலகுக்குக் கொடுத்ததே வேலூர்தான். ஆரோக்கியமாக நடமாடும் தென்னிந்தியர்களின் சிறுகுடலில்கூட விரல்போல் நீண்டிருக்க வேண்டிய உறிஞ்சிகள் குட்டையாகித் தட்டையாக இருப்பதை செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் இங்கே ஆராய்ந்தார்கள். ஜேக்கப் ஜான் 1972இல் வெளியிட்ட ஆய்வில், மேலை நாடுகளில் போதுமானதாக இருந்த போலியோ சொட்டு மருந்துத் தவணைகள் இங்குள்ள குழந்தைகளுக்குப் போதவில்லை என்று காட்டினார். அதை அன்றே முழு மனத்தோடு ஏற்று நடந்திருந்தால், கால் சூம்பிய எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பின்னர் ககன்தீப் காங் குழுவினர் வேலூர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 2002இல் தொடங்கி, பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். மூன்று வயது முடியும்வரை நிலைத்து நின்றவர்கள் 373 குழந்தைகள். பாதிப் பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள்ளேயே ரோட்டா தொற்றியிருந்தது. மெக்சிகோவில் நடந்த இதே மாதிரியான ஆய்வில், இருமுறை தொற்றிய பிள்ளைக்குக் கடும் நோய் வரவே இல்லை. வேலூரில் மூன்றுமுறை தொற்றிய பிறகும் காப்பு 79 விழுக்காடுதான். இயற்கையான தொற்றே முழுப் பாடம் புகட்டாத உடலுக்கு, வலுவிழந்த வைரஸ் எப்படிப் புகட்டும்?

இது குடலோடு நிற்கும் சங்கதியும் அல்ல. காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசி டி செல்களைத் தயார்ப்படுத்துவதற்கானது. பிரிட்டனின் பள்ளி மாணவர்களிடம் நன்றாக வேலை செய்த அந்த ஊசியை, 1968இல் தொடங்கி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. உலகின் மிகப் பெரிய பிசிஜி சோதனை நம் மண்ணில் நடந்தது. அதற்கு முழு விளக்கம் இன்னும் நம் கையில் இல்லை.

'இது அழுக்கால் வருவது. கழிப்பறையும் நல்ல தண்ணீரும் கொடுங்கள், செல்லை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. கழிப்பறையும் தண்ணீரும் மருந்துக்காக மட்டும் தர வேண்டியவை அல்ல. மனிதராகப் பிறந்தவருக்குச் சேர வேண்டியவை. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அழுக்குதான் முழுக் காரணம் என்பதை வேலூரின் ஆய்வுகளே ஐயுற வைக்கின்றன. இங்கே சுமார் 750 குழந்தைகளில் ஒரு பாதிக்கு அசித்ரோமைசின் கொடுத்து, குடல் கிருமிகளைக் குறைத்துவிட்டுப் போலியோ சொட்டு மருந்து தந்தார்கள். கிருமி குறைந்தது, குடல் அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன. எதிர்ப்பொருள் மட்டும் கூடவில்லை. துத்தநாகமும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் கொடுத்துப் பார்த்த ரோட்டா ஆய்விலும் பெரிய மாற்றம் இல்லை. வேலூர், மலாவி, பிரிட்டனின் லிவர்பூல் ஆகிய மூன்று இடத்துக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வில், வேலூரிலும் மலாவியிலும் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் எவ்வளவு அதிகமோ அந்த அளவுக்கு மருந்தின் பலன் குறைந்தது. நாம் எளிதாகக் கைகாட்டும் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவருகின்றன. 'பத்தாண்டு தேடியும் விடை இல்லையே' என்று சலிப்பதற்கு இதில் இடமில்லை. வீணான வழிகளை அடைத்துவிட்டுச் செல்வதும் தேடலின் கூலிதான்.

'தவணையைக் கூட்டு, ஊசிக்கு மாறு' என்பது அடுத்த வாதம். போலியோவை அப்படித்தான் ஒழித்தோம், உண்மை. உத்தரப் பிரதேசத்தில் ஒரே பிள்ளைக்குப் பத்து முறைக்கு மேலும் சொட்டு மருந்து கொடுத்து, 2011 ஜனவரியில் நாட்டின் கடைசி நோயாளியோடு நிறுத்தினோம். அதற்கு ஆன உழைப்பை ஒவ்வொரு நோய்க்கும் நம்மால் கொட்ட முடியாது. ஊசியும் எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை: ரோட்டாவுக்கான ஊசி மருந்து ஒன்றின் மூன்றாம் கட்டச் சோதனை ஆப்பிரிக்காவில் வாய்வழி மருந்தை மிஞ்ச முடியாமல் நிறுத்தப்பட்டது. கைகொடுத்த இடமோ நம் கேள்விக்கே திரும்ப அழைத்துவருகிறது. முன்பே சொட்டு மருந்து பெற்ற வேலூர்ப் பிள்ளைகள் 450 பேரில் ஒரு பாதிக்கு ஒரே ஒரு போலியோ ஊசி போட்டு, பிறகு சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. ஊசி போடாதவர்களில் 26 விழுக்காட்டினரின் மலத்தில் மூன்றாம் வகை வைரஸ் வெளியேறியது. போட்டவர்களில் 8 விழுக்காடுதான். ஊசியாகப் போட்ட மருந்து குடலைக் காத்திருக்கிறது. அங்கே உறங்கிக்கிடந்த நினைவுச் செல்களை அது தட்டி எழுப்பியிருக்க வேண்டும். அப்படியானால் நம் பிள்ளைகளின் செல்களுக்குக் கற்கத் தெரியாமல் இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எதிர்ப்பொருளை எண்ணினால் போதாது, செல்லையே பார்க்க வேண்டும். வேலூர் போன்ற இடத்தில்தான் அது முடியும் என்பதற்கு மிக எளிய காரணம் உண்டு. எதிர்ப்பொருள் இருக்கும் ரத்தநீரை உறைய வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். டி செல்லும் பி செல்லும் உயிருள்ளவை. கைக்குழந்தையிடம் எடுக்க முடிந்தது ஓரிரு மில்லி ரத்தம். கணியம்பாடி வீட்டுத் திண்ணையில், தாயின் மடியில் வைத்து எடுத்த அந்தச் சிறு குழாயை, வெயில் ஏறுவதற்குள் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்த்து, செல்லைத் தனியே பிரித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்கிவிட வேண்டும். தாமதித்தால் செல்கள் செத்தும் சோர்ந்தும் போகும். கிடைக்கும் எண் பொய் சொல்லும். 'வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டுச் சொல்வார்கள், நாம் வாங்கிக்கொள்ளலாம்' என்ற வாதம் இந்தக் குழாயின் முன் நிற்காது. பாஸ்டன் ஆய்வகத்தின் எலி சுத்தமான கூண்டில் வளர்ந்தது. கணியம்பாடிக் குழந்தையின் குடலில் நடப்பதை அதனிடம் கேட்க முடியாது.

'நம் பிள்ளைகள் சோதனைப் பொருளா?' என்ற கேள்வி இன்னும் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ரோட்டாவேக் சோதனையில், குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் செருகிக்கொள்ளும் 'குடல் செருகல்' பற்றிய வேலூர் மையத் தரவைத் தனியாக வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம்வரை போனது. மைய வாரியான தரவை வெளியிட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பெற்றோரின் நம்பிக்கையை விட்டுவிட்டு எந்த ஆய்வும் ஊருக்குள் நுழைய முடியாது. ஆனால் அந்த நம்பிக்கையை வளர்ப்பவர் மூன்றாண்டுத் திட்டத்துக்காக வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகிறவர் அல்லர். அதே தாயை ஐந்தாண்டுக்குப் பிறகு கடைத்தெருவில் சந்தித்து, 'அந்த ரத்தத்தில் என்ன தெரிந்தது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரே அதை வளர்க்க முடியும். அப்படிப்பட்டவரை உருவாக்கும் ஏற்பாடு நம்மிடம் மிகக் குறைவு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செல்வது 0.64 விழுக்காடு. திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக்குத்தான். இந்தத் துறையில் மூன்றாண்டில் என்ன கிடைக்கும்? சகாகுச்சியின் கண்டுபிடிப்புக்கு நோபல் வர முப்பது ஆண்டுகள் ஆயின. பி செல் என்ற பெயருக்கே காரணமான கோழியின் பர்சா என்ற உறுப்பு எதற்கு என்பது 1956இல் தெரிய வந்தது; பி செல்லைக் குறிவைக்கும் முதல் புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1997இல்.

பொறுமையோடு காத்தால் பலன் உண்டு என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முத்துக்கருப்பன் ஓணானை வைத்துக்கொண்டு தைமஸ் சுரப்பி எப்படி வளர்கிறது, அதன் செல்கள் எங்கே போய்த் தங்குகின்றன என்று ஆராய்ந்தார். 'ஓணானைப் பிடித்து என்ன கண்டீர்கள்?' என்று கேட்பது எளிது. அந்த ஆய்வில் உடன் உழைத்த பிச்சப்பன், பின்னாளில் தென்னிந்தியர்களில் யாருக்குக் காசநோய் எளிதில் வருகிறது என்பதை டி செல்லுக்குத் துண்டைக் காட்டும் எச்எல்ஏ மரபணுக்களோடு பொருத்திப் பார்த்தார். ஓணானிலிருந்து காசநோயாளிக்கு வந்து சேர ஓர் ஆய்வாளருக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தில் நிலைத்திருந்ததால் வந்து சேர்ந்தார்.

கணியம்பாடியின் பதிவேட்டில் முன்பு பிறந்த குழந்தைகளாகக் குறிக்கப்பட்ட பெண்கள் பலர் இப்போது அதே ஏட்டில் தாய்மார்களாகக் குறிக்கப்படுகிறார்கள். சிறு வயதில் அவர்கள் சந்தித்த கிருமிகளும் குடித்த சொட்டு மருந்தும் உண்டாக்கிய எதிர்ப்பொருள்தான் இன்று தொப்புள்கொடி வழியே அவர்களின் பிள்ளைகளுக்குப் போகிறது. அந்தப் பிள்ளைகளின் மருந்தை முடக்குவதும் ஒருவேளை அதுவாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலை இரு தலைமுறையாகப் பார்க்க 25 ஆண்டு வேண்டும். மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து அத்தனை ஆண்டுக்கான சம்பளத்தையும் ஒரு நைட்ரஜன் தொட்டியையும் உறுதி செய்தால், அந்த வேலையை வரும் மாதமே தொடங்கிவிடலாம்.