49 ரூவா நாவலும் அஞ்சு நட்சத்திரப் பொய்யும்

டிஸ்கி: கிண்டில்ல புத்தகம் போட்டிருக்கிற நண்பர்களை இந்தப் பதிவு புண்படுத்தலாம். கொஞ்சம் படணும்னுதான் எழுதுறேன். ஆட்டோ அனுப்புறதா இருந்தா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அனுப்புங்க, அதுவரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன்.

நேரா மேட்டருக்கு வர்றேன். போன மாசம் அம்மாகிட்ட வசமா மாட்டிக்கிட்டேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் பொடி எழுத்து படிக்க முடியல. என் பழைய கிண்டிலைக் குடுத்து எழுத்தைப் பெருசு பண்ணி வச்சேன். ஒரு காலத்துல லெண்டிங் லைப்ரரியில மாலைமதியும் ராணிமுத்தும் எடுத்துட்டு வந்து ஒரே ராத்திரியில முடிச்ச மனுஷி. 'நல்ல க்ரைம் நாவலா ஒண்ணு போட்டுக் குடுடா'ன்னாங்க. நம்ம பழைய பதிவர் ஒருத்தர் எழுதினது 49 ரூபாய்க்கு இருந்துச்சு. அஞ்சு நட்சத்திரம். 'விறுவிறுப்பான நடை, கீழே வைக்க முடியவில்லை'ன்னு ஒரு விமர்சனம். அந்த விமர்சனத்தை எழுதின புண்ணியவான் யாருன்னா, அடியேன்தான்.

மூணாம் நாள் அம்மா கூப்பிட்டாங்க. "ஏன்டா, நாலாவது அத்தியாயத்துல செத்துப்போன மாமனாரு பதினோராவது அத்தியாயத்துல ஊஞ்சல்ல உக்காந்து காபி குடிக்கிறாரு. இதைத்தான் கீழ வைக்க முடியலன்னு எழுதினியா?"

உண்மையைச் சொல்லிடுறேன். நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை. நண்பர் 'ஒரு ரிவ்யூ போடு மாப்ள'ன்னாரு. போட்டேன். அவ்வளவுதான்.

இது என் கதை மட்டுமா? நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க மக்களே. தமிழ்மணம் சூடா ஓடுன காலத்துல, பதிவைப் படிக்காமலே 'அருமை நண்பா, தொடருங்கள்'னு பின்னூட்டம் போட்டுட்டு, 'நம்ம பக்கமும் வாங்க'ன்னு சுட்டி குடுத்துட்டுப் போவோமே, அதே பழக்கம்தான் இப்ப நட்சத்திரமா மாறியிருக்கு. அன்னிக்கு அதனால யாருக்கும் நஷ்டமில்ல. இன்னிக்கு முன்பின் தெரியாத ஒருத்தர் நம்ம வார்த்தையை நம்பிக் காசு குடுக்குறார். காசைவிடுங்க, நாலு மணி நேரம் குடுக்குறார்.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும். '49 ரூபாய்க்கு வேற என்ன எதிர்பார்க்குற?' எனக்கு எரிச்சல் வர்றது இந்த ஒரு வாக்கியத்துலதான். டீ விலை கம்மிதான்னு ஈ மிதக்கிற டீயைக் குடிப்பீங்களா? ராணிமுத்தும் மாலைமதியும் பாக்கெட் நாவலும் மலிவு விலைதான். சாணித்தாள்தான். ஆனா ஒரு எடிட்டர் இருந்தார், புரூஃப் பார்க்க ஆள் இருந்தார். ராஜேஷ்குமார் ஆயிரக்கணக்குல எழுதிக் குவிச்சவர். அதைப் பேருந்து நிலையக் கடையில வாங்கி, பஸ்ஸுல படிச்சு முடிச்சவங்க நாம. விலை கம்மிங்கிறதும் தரம் கம்மிங்கிறதும் ஒண்ணுன்னு அன்னிக்கு யாரும் சொல்லல.

அதுக்காக 'கிண்டில்ல வர்றதெல்லாம் குப்பை'ன்னு மூக்கைச் சுளிக்கிற இலக்கியவாதிகளோட நான் சேர மாட்டேன். 2016 டிசம்பர்ல அமேசான் தமிழையும் சேர்த்து அஞ்சு இந்திய மொழிகளுக்குக் கிண்டில் கதவைத் திறந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் பதிப்பாளர் தயவு இல்லாம நம்மாளுங்க எழுதினது வெளிய வந்துச்சு. கடந்த சில வருஷமா வகைவகையா வாங்கிப் படிச்சிருக்கேன். என் கணக்கு இதுதான்:

க்ரைம்: ஆரம்பம் எல்லாம் ஜோர். முதல் பக்கத்துலயே பிணம் விழுந்துடும். கொலைகாரன் யாருன்னு தெரியிறப்பதான் எழுதினவருக்கே அது கடைசி நிமிஷத்துலதான் தெரிஞ்சிருக்குன்னு புரியும்.

குடும்பம், காதல்: அதிகம் குவியிறது இங்கதான். ரமணிசந்திரன் போட்ட பாதை. இப்ப அதுல 'ஆன்ட்டி ஹீரோ'ன்னு ஒரு மோஸ்தர். கதாநாயகன் கடத்துவான், அடிப்பான், கடைசி அத்தியாயத்துல அழுவான், அவளும் மன்னிச்சிடுவா. இதுக்கு எழுத்துப்பிழையே தேவலைங்க. ஆனா இதே வகையில மாமியாரோட தனிமையை, வேலைக்குப் போற மருமகளோட சமையலறைச் சண்டையை அசலா எழுதுற பெண்களும் இருக்காங்க. அவங்களை யாரும் கண்டுக்கிறதில்ல.

சரித்திரம்: கல்கியும் சாண்டில்யனும் விட்ட குதிரை இன்னும் நிக்கல. சாயங்கால நேரம், ஒத்தை வீரன், தூரத்துல கோட்டை. சோழனை விட்டு வெளிய வாங்கப்பா, நாயக்கர், மராட்டியர்னு தஞ்சாவூருக்கே இன்னும் எத்தனை கதை இருக்கு.

அறிவியல், பேய்: நான் அதிகம் சந்தோஷப்பட்டது இங்கதான். அறுபது பக்கக் குறுநாவலை அச்சுல தனிப் புத்தகமாப் போட யார் முன்வருவாங்க? சுஜாதாவுக்கு அப்புறம் தமிழ்ல அறிவியல் கதை செத்துப்போச்சுன்னு புலம்புறவங்க இதையெல்லாம் தேடிப் பார்த்ததே இல்ல.

பழைய கிளாசிக்: இது தனிக் கொடுமை. கல்கி நூல்கள் நாட்டுடைமை ஆயாச்சு, யார் வேணா போடலாம். பொன்னியின் செல்வனை மதுரைத் திட்டத்துலயே இலவசமா எடுக்கலாம். அதையே காசுக்கு வித்தா குறைஞ்சது பத்தி பிரிச்சாவது போட வேண்டாமா? நான் வாங்கின ஒண்ணுல வந்தியத்தேவன் பாதி வாக்கியத்துல காணாமப் போயிட்டார்.

எழுதுறவங்க பக்க நியாயத்தையும் சொல்லணும். கேடிபியில ரெண்டு ராயல்டி, 35 சதம் அல்லது 70 சதம். 49 ரூபாயில 35 சதம்னா சுமாரா 17 ரூபாய். இந்தியாவுல விக்கிற பிரதிக்கு 70 சதம் வேணும்னா செலக்ட் திட்டத்துல சேரணும். சேர்ந்தா 90 நாளைக்கு மின்நூலை வேற எங்கயும் குடுக்கக் கூடாது. அரசாங்கத்தைக் கேட்டா, 2018 ஜூலையில மின்நூல் ஜிஎஸ்டியை 18ல இருந்து 5 சதமாக் குறைச்சாங்க. ஆனா அந்தச் சலுகை அச்சிலயும் இருக்கிற புத்தகத்தோட மின்வடிவத்துக்குத்தான். நேரா கிண்டில்ல மட்டும் போடுறவருக்கு இல்ல. இதுல புரூஃப் பார்க்க ஆள் வச்சுச் சம்பளம் குடுன்னு நான் கேக்கல.

அன்லிமிடெட்ல நிலைமை வேற மாதிரி. 2015 ஜூலையில இருந்து அங்க புத்தகத்துக்குக் காசில்ல, வாசகர் படிக்கிற பக்கத்துக்குத்தான் காசு. அதனால என்ன ஆகுது? இருநூறு பக்கத்துல முடிய வேண்டிய கதை ஐநூறு பக்கத்துக்கு இழுபடுது. நாயகி பல் விளக்குறதுக்கு ஒரு அத்தியாயம். எழுதுறவரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல, தராசு அப்படி இருக்கு.

ஆனா ஒண்ணு. அச்சுப் புத்தகத்துல பிழை விழுந்தா அடுத்த பதிப்பு வரைக்கும் அப்படியேதான் கிடக்கும். மின்நூல்ல திருத்தின கோப்பை எப்ப வேணா ஏத்தலாம், பைசா செலவில்ல. செத்த மாமனாரைத் திரும்பச் சாகடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை போதும். ஏன் செய்யிறதில்ல? யாரும் சொல்லல. ஏன் சொல்லல? நாமதான் 'அருமை நண்பா'ன்னு போட்டுட்டுப் போயிட்டோமே!

இன்னொரு பயமும் இருக்கு. 2023 செப்டம்பர்ல அமேசான், ஒருத்தர் ஒரு நாளைக்கு மூணு புத்தகத்துக்கு மேல புதுசா ஏத்தக் கூடாதுன்னு வரம்பு கொண்டு வந்துச்சு. ஒரு நாளைக்கு மூணு! இயந்திரம் எழுதித் தள்ளுற காலம் வந்தாச்சுன்னு அர்த்தம். அந்த வெள்ளத்துல நல்ல மனுஷ எழுத்தைப் பிரிச்சுக் காட்ட வாசகர் கையில இருக்கிற சல்லடை, உண்மையான விமர்சனம் ஒண்ணுதான். அதை நாமளே ஓட்டை போட்டுட்டா நாளைக்கு நம்ம புத்தகத்தை யார் நம்பி வாங்குவா?

அதனால நான் எனக்கு மூணு விதி வச்சுக்கிட்டேன். படிக்காம நட்சத்திரம் இல்ல. நண்பர் புத்தகத்துக்குக் கடையில நட்சத்திரமே இல்ல. வேணும்னா நண்பர்னு சொல்லிட்டே இங்க பதிவா எழுதுவேன். பிழை இருந்தா பொதுவுல அடிக்கிறதுக்கு முன்னாடி தனிமடல்ல பட்டியல் அனுப்புவேன்.

பழைய பொய் விமர்சனத்தை அழிச்சிட்டேன். நண்பருக்குப் போன் பண்ணி ஏன்னு சொன்னேன். 'அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா'ன்னு வச்சுட்டாரு. மூணு வாரமாச்சு, இன்னும் பேசல.

அம்மா அந்த நாவலைக் கடைசிவரைக்கும் படிச்சுட்டாங்க. காலண்டர் தாளுக்குப் பின்னாடி பென்சிலால பிழையெல்லாம் குறிச்சு வச்சிருக்காங்க. ரெண்டு தாள். அடியில, 'முடிவு நல்லா இருக்கு, மாமனாரை மட்டும் சரி பண்ணச் சொல்லு'ன்னு எழுதியிருக்காங்க.

மாப்ள, நீ இந்தப் பதிவைப் படிப்பேன்னு தெரியும். தாள் என்கிட்டதான் இருக்கு. வந்து வாங்கிக்க.