“யோசித்துவிட்டு எழுது” என்று சொன்னது என் தப்பு



நேற்று தங்கை பேத்தி, பள்ளிக் கட்டுரையைக் கைப்பேசியிடம் கேட்டு வாங்கி நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். “உனக்குத் தோணுறதை எழுதேம்மா” என்றேன். “எனக்கு ஒண்ணும் தோணலையே தாத்தா” என்றாள். கைப்பேசியைத் திட்டி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, குற்றவாளி நான்தான் என்று தெரிகிறது.

“முதலில் யோசி, பிறகு எழுது” என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கரும்பலகையில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவே குறிப்புகள். கருத்தெல்லாம் என்னுடையது, கையெழுத்து மட்டும் உங்களுடையது. இன்று கைப்பேசி செய்வதை அன்றே நான் செய்தேன்.

ஒருமுறை ‘எங்கள் ஊர்’ கட்டுரை. எல்லோரும் 1955 ஆவடி காங்கிரஸ் மாநாடு, சோஷலிசத் தீர்மானம், டேங்க் ஃபேக்டரி என்று வரிசையாக எழுதினீர்கள். ஒருவன் மட்டும் பாதியில், “அப்பா டேங்க் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அங்கே என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. இதுவரை நான் ஏன் கேட்கவில்லை?” என்று எழுதியிருந்தான். ‘தலைப்பை விட்டு விலகல்’ என்று சிவப்பு மையில் அடித்து, இருபதுக்கு ஒன்பது போட்டேன். வகுப்பிலேயே சொந்தமாக யோசித்தவன் அவன் ஒருவன்தான். அந்தக் கேள்வியை அவன் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. முந்தைய வரியை எழுதியதால் அது வந்தது.

“அதெல்லாம் பெரிய எழுத்தாளர்களுக்கு, சார்” என்பீர்கள். பாமாவைப் பாருங்கள். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். ஏழு ஆண்டுகள் இருந்த கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றபோது சிறுவயது நினைவுகளை எழுதத் தொடங்கினார். புத்தகம் போடும் எண்ணமே இல்லை. அதுதான் 1992இல் ‘கருக்கு’ ஆனது. ஊரிலும் பள்ளியிலும் மடத்திலும் சாதி துரத்தி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் புத்தகம். குறிப்புச்சட்டகம் போட்டு உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா?

தேர்வில் நேரம் குறைவு, குறிப்பு தேவைதான். ஆனால் பிள்ளை முதலில் தானாக ஒரு பக்கம் கிறுக்கட்டும். தப்பும் தவறுமாக இருக்கட்டும். குறிப்பு அதிலிருந்து வரட்டும். வெறுங்கையோடு உட்கார்ந்த பிள்ளைக்கு “ஒண்ணும் தோணலை” என்பது நியாயமான பதில். எழுத ஆரம்பித்த பிறகுதானே தோன்றும்! ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, அந்தக் கிறுக்கலுக்கும் மதிப்பெண் போடுங்கள்.

அந்த மாணவன் இதைப் படித்தால்: தம்பி, அந்த ஒன்பது தப்பு. மன்னித்துக்கொள். அப்பாவிடம் கேட்டாயா?