சாய்ந்து விழும் வண்டிகள்

பீர்மேடு வட்டாரத்தில் எந்தத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும் படிக்கட்டின் அடியில் நாலைந்து இருசக்கர வண்டிகள் நிற்பதைக் காணலாம். நம் தாத்தாமார் கம்பம், கூடலூர் பக்கமிருந்து தலைச்சுமையோடு நடந்து ஏறி வந்த குமுளி மலைப்பாதையில், பேரப்பிள்ளைகள் வண்டியில் இறங்கி, ஊர்த் திருவிழாவைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்கு வந்து நிற்கிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம்தான். ஆனால் அந்த வண்டிகளைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒன்றில் கண்ணாடி ஒரு பக்கம்தான் இருக்கும். ஒன்றில் இண்டிகேட்டர் ஒயரில் தொங்கும். கிளட்ச் பிடி பாதி ஒடிந்திருக்கும், டாங்க் நெளிந்திருக்கும். இவையெல்லாம் சாலையில் மோதி அடிபட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். நான் விசாரித்த அளவில், பாதிக்கு மேல் நிறுத்திய இடத்திலேயே சாய்ந்து விழுந்தவை. மீதியில் பெரும்பங்கு, சேற்றிலோ உருளைக் கல்லிலோ நடை வேகத்தில் போகும்போது சரிந்தவை.

இது சின்ன விஷயம், இதற்கொரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். வண்டி நமக்கு என்னவாக இருக்கிறது என்பதை நினைத்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை விழுந்து, பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடிக் கிடந்த காலத்தில், நம் பிள்ளைகள் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வெளியே போகத் தொடங்கினார்கள். அன்று தொடங்கிய பயணம் இன்றும் நிற்கவில்லை. அதற்கு வண்டி வேண்டும். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வண்டிப்பெரியாருக்கோ பீர்மேடு தாலுகா ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போவதும் இந்த வண்டிதான். பல லயங்களுக்கு ஆட்டோக்காரர் மேலே ஏறி வரச் சம்மதிப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டி மாதத் தவணையில் வாங்கியது. ஒருமுறை சரிந்து விழுந்தால் பிடி, கண்ணாடி, மிதிகட்டை, இண்டிகேட்டர் என்று இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். நம்மவர் பெரும்பாலும் கட்டுவது சட்டத்துக்காகக் கட்டும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். அது நம் வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா தராது. முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களும், சின்னச் சேதத்துக்குக் கேட்டால் அடுத்த வருடச் சலுகை போய்விடுமே என்று கேட்காமல் விடுகிறார்கள். ஆக, நின்ற வண்டி விழுந்த செலவு முழுவதும் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகிறது.

விழுந்தால் அடிபடாமல் இருக்க நம் இளைஞர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து கிராஷ் கார்டு. லெக் கார்டு என்றும் சொல்வார்கள். வண்டி வாங்கிய அன்றே கேட்டு மாட்டிவிடுகிறார்கள். நல்லதுதான், ஆனால் அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்து மாட்ட வேண்டும்.

நின்ற நிலையில் விழும் வண்டியில் தரையை முதலில் தொடுவது கைப்பிடியின் முனை, மிதிகட்டை, பிறகு எஞ்சினின் பக்கவாட்டு மூடி. நல்ல கார்டு இருந்தால் எஞ்சினுக்கு முன்பாக அது தரையைத் தொட்டு எடையைத் தாங்கிக்கொள்ளும். மூடி உடைந்து ஆயில் கொட்டுவதை இது தடுக்கும், அந்த ஒன்றுக்கே கொடுத்த காசு தகும். ஆனால் கார்டு என்பது தான் வளைந்து வண்டியைக் காக்க வேண்டிய பொருள். வளைந்த கார்டைக் கழற்றிப் புதிது போடலாம், வளைந்த பிரேமை அப்படிச் செய்ய முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல், தண்ணீர்க் குழாய் பருமனில் கம்பியை வளைத்து வெல்டிங் வைத்து, எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே மாட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து லயத்துத் தம்பி ஒருவருக்கு டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் அப்படித்தான் மாட்டினார்கள். வண்டி விழுந்தபோது கார்டுக்குக் கீறல் கூட இல்லை. அடி முழுவதும் போல்ட் வழியாக உள்ளே இறங்கி, எஞ்சினின் காது உடைந்துவிட்டது. கம்பெனி தனது வண்டிக்கென்றே செய்து விற்கும் கார்டு சற்று மெலிந்து தெரிந்தாலும் அதுவே மேல் என்பது என் கருத்து. அந்தக் கார்டில் கேஸ் சிலிண்டரையும் கோழித்தீவன மூட்டையையும் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தைப் பற்றி இங்கே எழுதினால் இதழின் பக்கம் போதாது.

லெக் கார்டு என்ற பெயரே ஒரு தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறது. 1981இல் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே சென்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கார்டு மாட்டிய வண்டிகளில் கணுக்கால், பாதத்துக்கு அடி குறைந்தது. ஆனால் முழங்காலுக்கும் தொடைக்கும் அடி அந்த அளவுக்குக் கூடியது. ஆகவே உடம்பைக் காக்கும் சாதனமாக அதைக் கருத முடியாது என்றது அந்த அறிக்கை. கார்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறக்கத்தில் வேகம் காட்டும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்புக்கு ஹெல்மெட்டும் காலுக்கு ஷூவும்தான். ரப்பர் செருப்போடு வண்டி ஓட்டுபவரின் கால் விரல், கார்டு எதையும் தடுப்பதற்கு முன்பே கல்லில் உரசிவிடும்.

போலீஸ் பிடிக்கும் என்ற பேச்சும் அவ்வப்போது லயங்களில் கிளம்புகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வண்டிகளின் முன்னால் அனுமதியின்றிப் பொருத்தும் கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதமானவை என்று அதில் இருந்தது. கார், ஜீப் முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிகள் நடந்து செல்வோரை நசுக்குகின்றன என்பதே அப்போது எழுந்த பெரிய புகார். எப்படியாயினும், வண்டியின் அகலத்தை மீறித் துருத்தி நிற்கும் கம்பி எதிரே வருபவருக்கு ஆபத்து என்பதை அறிய நமக்குச் சட்டம் வேண்டாம். அதே சமயம், சட்டம் கட்டாயமாக்கிய காப்பு ஒன்றை நம்மவர் கழற்றி வீசுகிறார்கள். பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி. நாம் சேலைக் கார்டு என்கிறோமே, அதுதான். ஓட்டுபவருக்கு அழகாகத் தெரியவில்லையாம். பின்னால் சேலையோடு உட்காருபவர் அவருடைய அம்மாவோ மனைவியோதானே.

விழுந்த பிறகு காப்பதை விட, விழாமல் நிறுத்துவது மலிவு. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. இடப்பக்கத் தரை பள்ளமானால் சாய்வு கூடிப்போய்ப் பளு முழுவதும் ஸ்டாண்டின் நுனியில் ஏறும். இடப்பக்கம் மேடானால் வண்டி நேராக நின்று, ஒரு காற்றுக்கோ ஆடு உரசுவதற்கோ வலப்பக்கம் விழும். சரிவில் மூக்கு கீழ்நோக்கி நிறுத்தினால் வண்டி முன்னால் உருள, ஸ்டாண்ட் தானாக மடங்கிவிடும். மேல்நோக்கி நிறுத்தி, முதல் கியரில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இடவப்பாதி மழையில் செம்மண் ஊறிப்போகும்போது, மாலையில் சரியாக நின்ற வண்டியின் ஸ்டாண்ட் நள்ளிரவுக்குள் மூன்று விரல் ஆழம் புதைந்துவிடும். ஸ்டாண்டின் அடியில் ஒரு தட்டைக் கல்லோ, உள்ளங்கை அளவு தகரமோ, பலகைத் துண்டோ வைத்தால் பளு பரவி நிற்கும். இதற்குக் காசே வேண்டாம். நடு ஸ்டாண்ட் இருக்கும் வண்டியானால் சமதளத்தில் அதுவே உத்தமம், சரிவில் வேண்டாம்.

கிளட்ச் பிடியையும் பிரேக் பிடியையும் ஹேண்டில் பாரில் இறுக்கும் பட்டையை உயிர் போகும் அளவுக்கு இறுக்காமல், ஓட்டும்போது அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கி வைக்கச் சொல்வார் பழைய மெக்கானிக். விழும்போது பிடி ஒடியாமல் திரும்பிக்கொடுக்கும். இதை மெக்கானிக்கைக் கொண்டு செய்துகொள்ளுங்கள். பிரேக் விஷயம், விளையாட்டல்ல.

விழுந்த வண்டியைத் தூக்குவதிலும் நம்மவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, இப்போது வரும் புல்லட் 350 சுமார் 195 கிலோ. கொழுந்து மூட்டை தூக்கிப் பழகியவர்கள் என்பதால் குனிந்து முதுகால் இழுக்கிறார்கள். முதலில் சாவியை அணைத்து, பெட்ரோல் வாசனை வந்தால் பீடி பற்றவைத்தவரை விலகச் சொல்லுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து, கியரில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டிலிலும் ஒரு கை பின் கைப்பிடியிலுமாகப் பற்றி, காலால் தரையை உந்தி, பின்னோக்கிச் சிறு சிறு அடியாக நிமிர்த்த வேண்டும். பெண்களும் இப்படித் தூக்குவதை நான் பார்த்திருக்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை விழுந்தவுடன் தாமே எஞ்சினை நிறுத்திவிடும். சாவியை ஒருமுறை மூடித் திறந்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இது தெரியாமல், வண்டி செத்துப்போயிற்று என்று ஜீப் பிடித்துக் கொண்டுபோனவர்களும் உண்டு.

இவ்வளவும் தனி மனிதர் செய்துகொள்ளக்கூடியவை. ஆனால் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. லயத்தைச் சுற்றி ஒரு வண்டி ஒழுங்காக நிற்கச் சமதளமாக ஓரிடம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகள் சரிவில் வெட்டிய படிகளில் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளர்க்கு வீட்டு வசதி செய்து தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கிய சட்டம் 1951இல் வந்தது. அன்று தொழிலாளியிடம் சைக்கிள் கூடக் கிடையாது, ஆகவே வண்டி நிறுத்த இடம் என்ற எண்ணம் யாருக்கும் தோன்ற நியாயமில்லை. அந்தச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு 2020இல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டமும் வீட்டு வசதியைப் பற்றிப் பேசுகிறது. வீடு என்றால் நாலு சுவர் மட்டுமா, வீட்டுக்கு வரும் வழியும் வாசலும் சேர்ந்ததா என்பதை நாம்தான் கேட்க வேண்டும். மேலாளர் பங்களாவில் ஜீப்புக்குக் கொட்டகை உண்டு. ஐம்பது குடும்பங்களின் முப்பது வண்டிகள் மழையில், சேற்றில், சரிவில் நிற்கின்றன.

கூரையே ஒழுகுகிறது, கழிப்பறை இல்லை, வண்டிக்குத் தளம் கேட்பதா என்று பெரியவர்கள் சிலர் என்னிடமே கேட்டார்கள். கூரையும் கழிப்பறையும் முதலில் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூரைக்காகப் பல்லாண்டாகக் காத்திருக்கிறோம். அது வரும்வரை வேறெதையும் கேட்பதில்லை என்று சபதம் எடுத்தால் நஷ்டம் நமக்குத்தான். இது சிறிய வேலை. ஒரு வண்டிக்கு ஏழடி நீளமும் மூன்றடி அகலமும் போதும். பத்து வண்டிக்கு முப்பதடி நீளத்தில், தண்ணீர் வடியும் அளவுக்கு மட்டும் சாய்வு வைத்து, ஒரு கான்கிரீட் தளம். சரிவுப் பக்கம் இடுப்பளவு இரும்புக் கம்பி. மேலே முடிந்தால் நாலு தகரம். நிர்வாகம் இடமும் கல்லும் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு நம் ஆட்கள் வருவார்கள். மூடிக் கிடக்கும் தோட்டங்களில் கேட்க நிர்வாகம் இல்லை, அங்கே பஞ்சாயத்தைத்தான் கேட்க வேண்டும். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு எல்லாக் கட்சியும் லயத்துக்கு ஏறி வருகிறது. அவர்கள் வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். கீழே தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள்.

போனஸ் பேச்சில் தொழிற்சங்கத் தலைவர்கள் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது இதை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நம் தமிழ்ச் சங்கமும் ஒன்று செய்யலாம். பொங்கல் விழாவில் கோலப் போட்டி, உறியடியோடு, ஒரு மெக்கானிக்கை அழைத்து அரை மணி நேரம் வண்டியை நிறுத்துவதும் தூக்குவதும் காட்டச் சொல்லலாம். பெண்களை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், கணவர் வேலைக்குப் போன நேரத்தில் வாசலில் விழுந்து கிடக்கும் வண்டியை நிமிர்த்துபவர்கள் அவர்கள்தான். தளத்துக்கான இடத்தை ஒவ்வொரு லயத்திலும் இப்போதே அளந்து வைத்துக்கொண்டால், ஜூன் மாத மழைக்கு முன் இரண்டு லயத்திலாவது சிமெண்டு போட்டுவிட முடியும்.