நெஞ்சு எரியுதா? ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?

என்னுடைய நிகழ்ச்சி இரவு 10 மணிக்கு முடியும். அந்த நேரத்தில் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தால் நம்மை வரவேற்பது மாமாக் கடை விளக்குதான். ரொட்டி சானாய், மீ கோரெங், கூடவே ஒரு தே தாரிக். தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடினால் இன்னொரு தே தாரிக். நம் நாட்டில் ‘சப்பர்’ என்பது சாப்பாடு மட்டும் இல்லை, நட்பும் அதில் சேர்த்திதான்.

மறுநாள் காலையில் சிலருக்கு நெஞ்சில் எரிச்சல், வாயில் புளிப்பு, தொண்டையில் கரகரப்பு. குரலை நம்பிப் பிழைக்கும் எங்களுக்குக் கரகரப்பு சின்ன விஷயம் இல்லை. சக அறிவிப்பாளர் ஒருவர் மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்தார். கடைசியில் டாக்டர் வயிற்று அமிலத்துக்கு மருந்து கொடுத்த பிறகுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டிய கதவு அது. கதவு தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் எரிகிறது.

இந்தக் கதவுக்கு முதல் எதிரி கொழுப்பு. அது கதவையும் தளர்த்தும், வயிற்றிலும் நெடுநேரம் தங்கும். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த கோழி, சம்பால் என்று நாசி லெமாக்கைக் காலையில் பசியாறினால் ஏற்றுக்கொள்ளும் வயிறு, அதையே நள்ளிரவில் கொடுத்தால் முறைக்கும். கோப்பி, தேநீர், சாக்லெட், மதுபானம் ஆகியவையும் பலருக்கு ஆகாது. மிளகாய், வெங்காயம், தக்காளி, எலுமிச்சை ஆகியவை எரிச்சலைக் கூட்டலாம். கேஸ் பானங்கள் வயிற்றை உப்ப வைத்து அமிலத்தை மேலே தள்ளும்.

கைவைத்தியத்திலும் கவனம் தேவை. நெஞ்சு எரிந்தால் பெப்பர்மிண்ட் மிட்டாய் சப்புவார்கள். புதினா வகை அந்தத் தசையைத் தளர்த்தக் கூடியது. பால் குடித்தால் சற்று நேரம் இதமாக இருக்கும். பிறகு வயிறு மறுபடியும் அமிலம் சுரக்கும்.

இதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். உங்களுக்கு ஆகாதது எனக்கு ஒத்துக்கொள்ளலாம். 2 வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது. உங்கள் எதிரி யார் என்று அந்த நோட்டே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது, நேரம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஷிப்ட் வேலை செய்பவர்களிடம் ‘7 மணிக்கே சாப்பிடுங்கள்’ என்று சொன்னால் நடக்குமா? கடிகாரத்தை விடுங்கள், இடைவெளியைப் பாருங்கள். நான் நிகழ்ச்சிக்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுவேன். பிறகு மாமாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்தாலும் எனக்கு ஓர் ஆயர் சுவாம்தான். படுக்கும்போது எரிச்சல் வந்தால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களை 15 சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் அழுத்தம் கூடும்.

வாரத்தில் 2 நாளுக்கு மேல் எரிந்தால் கிளினிக் போங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் தாமதிக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு ‘கேஸ்’ என்று பெயர். ஓமத் தண்ணீர் கொடுத்து அப்பாவைப் படுக்க வைத்துவிடுவோம். மாரடைப்பும் சில நேரம் நெஞ்செரிச்சல் போலவே வரும், சாப்பிட்ட பிறகும் வரும். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் உடனே 999-ஐ அழையுங்கள். பரிசோதித்துவிட்டு ‘வெறும் கேஸ்தான்’ என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாக வீடு திரும்பலாம். அதை அவர் சொல்லட்டும். வீட்டில் நாமே முடிவு கட்ட வேண்டாம்.