உப்புக்காற்றில் ஒரு பெயர்ப்பலகை

பேசாலையிலிருந்து இளைஞர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். படகுகளுக்குப் பெயரும் இலக்கமும் எழுதும் தொழிலைத் தந்தையாரிடம் கற்றவராம். அண்மையில் மன்னார் நகரத்துக் கடைக்காரர் ஒருவர் எட்டடிக்கு நாலடியில் பெயர்ப்பலகை ஒன்று செய்து தரும்படி கேட்டிருக்கிறார். ஆனால், "பிளெக்ஸ் அச்சிடுகிறவருக்குச் சதுர அடிக்கு என்ன விலையோ அதுதான் உமக்கும்" என்று சொல்லிவிட்டாராம். "அந்த விலைக்குச் செய்தால் பெயின்ற் வாங்கிய கடனே அடையாது. மறுத்தால் தொழிலையே விட வேண்டி வரும். நான் எவ்வளவு கேட்பது?" என்பது அவர் வினா.

விலையைப் பேசுமுன் அந்தப் பலகை எங்கே நிற்கப்போகிறது என்பதைப் பேச வேண்டும். கொழும்பிலே ஐந்து ஆண்டு நிற்கும் பலகை மன்னார்த் தீவிலே இரண்டாண்டு நிற்பதும் ஐயம். வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று உப்பையும் மணலையும் சேர்த்து வீசுகிறது; மாரியில் வாடை மறுபுறமிருந்து வருகிறது. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு 30 காற்றாலைகளை நிறுத்தி ஏறத்தாழ 100 மெகாவாட் மின்சாரம் பெற வழி செய்தார்களே, அந்தக் காற்றின் முன்னேதான் நமது பலகையும் நிற்க வேண்டும். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, எட்டுக்கு நாலடிப் பலகையை நேர்முகமாக 80 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தோடு தள்ளும். வேகம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்காகும். ஆகவே சட்டமும் தூணும் பலகையின் பகுதிகளே. அவற்றை இனாமாகக் கொடுத்தல் ஆகாது.

பிளெக்ஸ் என்பது பிளாஸ்ரிக் பூசிய துணி. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அது மிகப் பொருத்தமானது; அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் வெயிலில் கிடந்தால் அது விறைத்துப்போகும். காற்றில் படபடத்து, வளையம் போட்ட மூலைகளில் கிழியும். மையிலே சிவப்பும் மஞ்சளுமே முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் எஞ்சும். கடைத்தெருக்களிலே நீலமாய்ப் போன தக்காளிப்பழங்களைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

நாகமுலாம் பூசிய தகட்டில் எழுதுவோர் பலர் ஒரே தவற்றைச் செய்கின்றனர். புதுத் தகட்டின்மேல் நேரே இனாமல் பூசுகின்றனர். பூச்சிலுள்ள எண்ணெயும் தகட்டின் நாகமும் சேர்ந்து இடையிலே சவர்க்காரம் போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். பிறகு பூச்சு ஏடு ஏடாகக் கழன்று விழும். குற்றம் பெயின்றின்மேல் சுமத்தப்படும். தகட்டை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நாகத் தகட்டுக்கென்றே விற்கப்படும் அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் இருமுறை இனாமல் கொடுத்தால் இத்தொல்லை இல்லை. வெட்டிய ஓரங்களில் இரும்பு வெளியே தெரியும். கறள் அங்கேதான் தொடங்கும். ஓரத்துக்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

கடலை அடுத்த கடைக்கு நாம் விரும்புவது இரு அலுமினியத் தகடுகளுக்கிடையே பிளாஸ்ரிக் வைத்த கூட்டுத்தகடு. அது கறள் பிடிக்காது. எட்டுக்கு நாலடி அளவிலேயே கிடைக்கிறது. மேற்பரப்பை மென்மையான அரத்தாளால் தேய்த்துத் துடைத்து, இரண்டு கலவைகளைச் சேர்த்துப் பூசும் பொலியூரிதீன் வர்ணத்தால் எழுதலாம். ஃபைபர் படகில் எழுதிப் பழகிய கைக்கு இது புதிதன்று. ஆனால் பத்து ரூபாவை மிச்சம் பிடிக்க இரும்புத் திருகாணி போட்டீர்களோ, முதல் மாரியிலேயே கறள்நீர் கண்ணீர்க்கோடாய் வழியும். 316 என்ற தர இலக்கமுள்ள துருவேறா உருக்கு ஆணிகளே கடற்கரைக்கு ஏற்றவை. அதிலுள்ள மொலிப்டினம் உப்பைத் தாங்கும். அலுமினியமும் உருக்கும் உப்புநீரில் நேரே தொட்டால் மின்கலம்போல இயங்கி அலுமினியத்தை அரிக்குமாதலால் இடையே பிளாஸ்ரிக் வளையம் வைத்தல் வேண்டும்.

இனி எழுத்து. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது தொழிலாளர் கையாளும் பழைய கணக்கு. நூறடி தூரத்தில் வருகிறவர் சிரமமின்றிப் படிக்கப் பத்தங்குல எழுத்து வேண்டும். தமிழுக்கு இது போதாது. மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் உள்ளனவாகையால், பத்தங்குல எழுத்துக்கு இருபது அங்குல வரி ஒதுக்க வேண்டும். அகலமும் அப்படியே. 'வைத்தியசாலை' என்பதில் எழுத்து ஆறு. பலகையிலோ அது ஒன்பது இடத்தைப் பிடிக்கும். (துதிக்கை தூக்கிய பழைய லகர ஐகாரம் இருந்த காலத்தில் ஓரிடம் மிச்சமாயிருந்தது!) நாலடி உயரப் பலகையில் தமிழுக்கு இருபது அங்குலம் போனால், சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஓர வெளிக்கும் எஞ்சுவது இருபத்தெட்டே. கடையில் விற்கும் அரிசி முதல் ஆணி வரை எழுதச் சொல்லும் முதலாளிக்கு இந்தக் கணக்கைத் தாளில் வரைந்து காட்டுங்கள். புள்ளியைச் சிறிதாக வையாதீர்கள். தூரத்தில் புள்ளி மறைந்தால் 'மீன்' என்பது 'மீன' ஆகிவிடும்.

மும்மொழிப் பலகை நம் நாட்டில் புதிதல்ல. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனக் கடற்றளபதி செங் ஹே கொணர்ந்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ளன. 1911இல் காலியிலே ஒரு வடிகாலின் மூடியாகக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அக்கல்லில் தமிழ் தமிழாகவே இருக்கிறது. இன்றைய பலகைகள் பலவற்றில் அவ்வாறில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் தமிழறியாதார் கணினியில் ஒட்டி அனுப்பும் எழுத்து, பாமினி எழுத்துருவிலிருந்து வேறோர் எழுத்துருவுக்கு மாறும்போது பொருளற்ற குறிகளாகிவிடுகிறது. கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் நிற்கிறது. தகட்டை வெட்டக் கொடுப்பதானால், எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டுருவமாக்கி அனுப்புங்கள். வெட்டுமுன் ஒரு தாளில் அச்சிட்டு வாங்கிப் பாருங்கள்.

விலைக்கு வருவோம். பின்வரும் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டுமே. அவற்றைச் சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம். தகடு, சட்டம், வர்ணம், ஆணி ஆகியவற்றுக்கு 20,000 ரூபா. மூன்று நாட் கூலி, நாளுக்கு 4,000 வீதம் 12,000. ஏணி, உதவியாள், போக்குவரத்துக்கு 4,000. ஆக 36,000. தூரிகைத் தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் பத்து வீதம் சேர்த்தால் 39,600. அதன்மேல் பதினைந்து வீத இலாபம் வைத்தால் 45,540 ரூபா. தம் கூலியையே இலாபம் என்று எண்ணுவதுதான் இத்தொழிலாளர் பலர் கடன்படுவதற்குக் காரணம். கூலி வேறு, இலாபம் வேறு.

இத்தொகையை 32 சதுர அடியால் வகுத்தால் அடிக்கு 1,423 ரூபா வரும். அந்த வீதத்தை இரண்டடிக்கு ஒன்றரை அடிச் சிறு பலகைக்கு இட்டால் 4,269 கிடைக்கும். அதற்கோ பொருளுக்கு 2,000, ஒரு நாட் கூலி 4,000, போய் வர 2,000 என 8,000 செலவாகும். சதுர அடிக் கணக்கு பெரிய பலகைக்காரரிடம் மலிவாகவும் சிறிய பலகைக்காரரிடம் நட்டமாகவும் முடிவது இதனாலேதான். சிறு வேலைக்கு ஒரு நாளின் செலவைக் குறைந்தபட்ச விலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியது வேறு. பிளெக்ஸ் 10,000 ரூபாவுக்கு முடியுமென வைத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் மாற்றினால் ஐந்தாண்டில் 50,000 ஆகும். அவரும் செலவு பார்க்கும் குடும்பஸ்தர்தான். இதை எழுதிக் கொடுத்தால் எண்ணிப் பார்ப்பார். அப்போதும் மறுத்தால், நாகத் தகட்டில் இன்னும் குறைந்த விலைக்கு ஒன்று செய்து தரலாம். ஆனால் அதே பலகைக்கு விலையைக் குறைக்காதீர்கள். விலைச்சீட்டில் "14 நாட்களுக்கு மட்டும்" என்று குறிப்பிடவும். 2022இன் நெருக்கடியில் காலையில் சொன்ன விலை மாலையில் நில்லாமற் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பாதிப் பணம் முன்னதாகப் பெற்ற பின்னரே தகடு வாங்குங்கள்.

சோளகக் காலத்தில் மாதம் ஒருமுறை பலகையை நல்ல தண்ணீரால் கழுவும்படி கடைப் பையன்களிடம் சொல்லி வையுங்கள். மழை படாத தாழ்வாரத்துப் பலகைக்கு இது இன்னும் அவசியம். அங்கே உப்பைக் கழுவ வேறு யாரும் இல்லை. எழுத்துப் பிழை பார்க்கப் பள்ளிக்குப் போகும் தங்கை இருப்பதாகக் கடிதத்தின் அடியில் குறித்திருக்கிறீர்கள். நல்லது. சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்து வரை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்; முன்னிருந்து படித்தால், இருக்க வேண்டிய எழுத்தையே கண் கண்டுவிடும்.